பண்ருட்டிப் பலாவில் ஒரு கிட்டார்

பண்ருட்டியில் அறுபடும் பலா மரம் தஞ்சாவூருக்குப் போகும் சாலை நெய்வேலி ஆர்ச் கேட் வழியாகத்தான் செல்கிறது. விக்கிரவாண்டியில் கிளம்பும் அந்த நெடுஞ்சாலை பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் என்று இறங்கித் தஞ்சையைத் தொடுகிறது. அங்கே போய்ச் சேரும் மரம் வீணையின் குடமாகிறது, தண்டியாகிறது. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கஞ்சிராவுக்கும்கூட இதே பலாதான். மிருதங்கக் கட்டைக்குப் பண்ருட்டி பேர்போன ஊர். ஆனாலும் கட்டைக்குத் தோல் ஏறுவதும் தண்டிக்குத் தந்தி ஏறுவதும் பெரும்பாலும் வேறு ஊர்களில் நடக்கின்றன. மரம் கொடுத்த மண்ணுக்கு வாத்தியத்தின் பேரும் வருவதில்லை, நுணுக்க வேலையின் கூலியும் வருவதில்லை.

இந்த நிலையை நெய்வேலியால் மாற்ற முடியும். அதற்குக் கிட்டாரிலிருந்து தொடங்கலாம். உடலுக்குப் பண்ருட்டிப் பலா, அலங்காரத்துக்குத் தஞ்சாவூர் நகாசுக்காரரின் கை, கட்டுமானத்துக்கு நெய்வேலியில் தொழில் பழகிய இளைஞர்கள் என்று மூன்றும் சேர்ந்தால், இங்கிருந்தே கையால் செய்த ஒரு நல்ல கிட்டார் வெளிவரும். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யும் மாவட்ட நிர்வாகமும் இதைப் பொழுதுபோக்காக எண்ணாமல் ஒரு தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிட்டார் இந்த மண்ணுக்கு அந்நியமான வாத்தியம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பே இளையராஜா ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தவர். கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளைக் கிட்டாரில் கமகம் குறையாமல் வாசித்துக் காட்டினார் ஆர். பிரசன்னா. நெய்வேலியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆரோவில்லில் எரிசா நியோகி கையால் கிட்டார் செய்து பேர் வாங்கியிருக்கிறார். வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், செய்யத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்கிறார், மரமும் இருக்கிறது.

பலா மரத்தில் கிட்டார் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்குப் பிலிப்பைன்ஸில் பதில் கிடைக்கும். செபு நகரை ஒட்டிய மக்தான் தீவில் தலைமுறை தலைமுறையாகக் கிட்டார் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பின்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் எடுக்கும் மரங்களில் முக்கியமானது பலா. அங்கே அதை லங்கா என்பார்கள். மஞ்சளாக இருந்து நாள்பட நாள்படச் செம்பழுப்பாக மாறும் அந்த நிறமே அந்தக் கிட்டார்களின் அடையாளம். நம் பண்ருட்டிப் பலாவும் அப்படித்தான் நிறம் மாறும். மூன்று நான்கு தலைமுறை பார்த்த வீணையின் குடத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்.

மரம் உயர்ந்த சாதி மரமாக இருந்தால்தான் நாதம் வரும் என்ற எண்ணத்தையும் கிட்டார் வரலாறே உடைத்திருக்கிறது. இன்றைய கிட்டாரின் வடிவத்தை வகுத்த ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரஸ் 1862இல் ஒரு கிட்டார் செய்தார். அதன் உடலில் மேல்பலகை மட்டும்தான் மரம். பின்பக்கமும் பக்கவாட்டும் காகிதக் கூழ். நாதத்தைத் தீர்மானிப்பது மேல்பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார். 1995இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர், சரக்கு ஏற்றும் பழைய பலகைச் சட்டத்திலிருந்து எடுத்த மரத்தில் ஒரு கிட்டார் செய்து காட்சிக்கு வைத்தார். செய்பவர் கை நன்றாக இருந்தால் எளிய மரமும் பாடும் என்பதற்கு இந்த இரண்டுமே சாட்சி. அதற்காகப் பலாவை எல்லா இடத்திலும் திணிக்க வேண்டியதில்லை. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் நின்று, எழுபது கிலோவுக்கு மேற்பட்ட தந்தி இழுவையைத் தாங்கி, அதே நேரத்தில் அதிரவும் வேண்டியது மேல்பலகை. அதற்கு ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரத்தை முதலில் வெளியிலிருந்து வாங்குவதே புத்திசாலித்தனம். வீணையின் மேல்பலகையும் பலாவில்தான் செய்யப்படுகிறது என்பதால் அந்தச் சோதனையைப் பிறகு செய்து பார்க்கலாம்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் தஞ்சாவூரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

தஞ்சாவூர் வீணை ஒருவர் கைப்பட முடியும் பொருளாக எப்போதும் இருந்ததில்லை. 24 மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய வடிவத்தை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. அரசரும் அமைச்சர் கோவிந்த தீட்சிதரும் சங்கீதம் அறிந்தவர்கள். மரவேலை தெரிந்தவர்கள் பட்டறையில் இருந்தார்கள். ஆக, அந்த வடிவமே கூட்டு உழைப்பில் பிறந்தது. இன்றும் ஒருவர் குடத்தைக் குடைகிறார், இன்னொருவர் யாளி முகத்தைச் செதுக்குகிறார், நகாசு வேலை வேறொருவர் கைக்குப் போகிறது. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுவது தனி வித்தை. காதில் சுருதி நிற்காதவர் அதில் கை வைக்க முடியாது. மெட்டு ஒன்று மயிரிழை தள்ளி உட்கார்ந்தாலும் வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். வீணை திரும்பி வந்துவிடும்.

அந்த நகாசு வேலையின் வரலாறு வருத்தமும் நம்பிக்கையும் கலந்தது. குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் ஓடும் வெள்ளைப் பட்டை ஒரு காலத்தில் யானைத் தந்தம்; மான் கொம்பும் பயன்பட்டது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தை முடக்கியது. 1991 திருத்தத்தோடு ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு மூடியது. யானைகளுக்காக அது அவசியமான முடிவு. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் தொழிலை விட்டுவிடவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, அதில் பூவும் கொடியும் கீறி, கீறலில் வண்ண மெழுகைத் தேய்த்து நிரப்பினார்கள். இன்று கடைகளில் பளபளக்கும் வீணைகளில் நாம் பார்ப்பது அதைத்தான். 2013இல் புவிசார் குறியீடு பெற்றபோது, இந்தியாவில் அந்தத் தகுதி பெற்ற முதல் இசைக்கருவி என்ற பெருமையும் தஞ்சாவூர் வீணைக்குச் சேர்ந்தது.

பிளாஸ்டிக் நகாசில் கைத்திறன் குறையவில்லை. பொருள்தான் மலிந்துவிட்டது. தந்தத்தில் ஓடிய உளி தகட்டில் ஓடும்போது, வாங்குபவரும் தகட்டுக்கு உரிய விலையைத்தான் தருகிறார். இந்தக் கைகளுக்கு நல்ல பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கக் கிட்டார் ஒரு வாய்ப்பு.

உலகின் விலை உயர்ந்த கிட்டார்களில் அலங்காரம் பெரும்பாலும் சிப்பியில் நடக்கிறது. 1933இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம், பாடகரும் நடிகருமான ஜீன் ஆட்ரிக்காக டி-45 என்ற கிட்டாரைச் செய்தது. அதன் விளிம்பு முழுக்க அபலோன் சிப்பி மின்னும். அதே நிறுவனம் 2004இல் தன் பத்து லட்சமாவது கிட்டாரை முடித்தபோது, அதன் சிப்பி வேலையை வெளியிலிருந்து வந்த லாரி ராபின்சன் என்ற கலைஞரிடம் ஒப்படைத்தது. கனடாவில் ழான் லாரிவே கிட்டார் செய்தார். அவர் மனைவி வெண்டி சிப்பியை வெட்டி, பதித்து, அதன்மேல் ஊசியால் உருவங்களைக் கீறினார். அந்தக் கிட்டார்களுக்குப் பேர் வாங்கித் தந்ததில் வெண்டியின் பங்கு பெரிது. கட்டுபவர் ஒருவர், அலங்கரிப்பவர் ஒருவர் என்ற இந்த முறைக்கும் தஞ்சாவூர்ப் பட்டறை முறைக்கும் பெரிய தூரம் இல்லை.

வேலையின் நுணுக்கமும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. முதலில் வரைபடம். பிறகு நகை செய்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய கம்பி ரம்பத்தால் சிப்பியை வெட்டுவார்கள். அதே உருவத்தை மரத்தில் கீறி, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்து, கரிய மரத்தூள் கலந்த பசையில் சிப்பியை உட்கார வைப்பார்கள். காய்ந்ததும் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, விரலால் தடவினால் மரமும் சிப்பியும் ஒன்றாகத் தெரியும்வரை தேய்ப்பார்கள். சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடியும் தூசி உறிஞ்சும் கருவியும் இல்லாத பட்டறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. எந்தச் சிப்பி என்பதிலும் கவனம் வேண்டும். ட்ரோக்கஸ், டர்போ போன்ற சில இனங்கள் 2001 முதல் இந்தியச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. தந்தத்தில் நடந்ததைச் சிப்பியிலும் நடக்க விடலாகாது. வளர்ப்பு முத்துச்சிப்பியின் ஓடு போதும். தேங்காய்ச் சிரட்டை, பித்தளைக் கம்பி, வெவ்வேறு நிற மரத் துண்டுகள் ஆகியவற்றாலும் இந்த வேலையை அழகாகச் செய்ய முடியும். தோதகத்தியில் பல நிற மரங்களைப் பதிக்கும் மைசூர்க்காரர்கள் அதற்கு நல்ல முன்னோடிகள்.

அலங்காரம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் கட்டுபவர் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். விரல்பலகையிலும் தலைப்பகுதியிலும் எவ்வளவு பதித்தாலும் நாதத்துக்குப் பெரிய குறைவில்லை. ஒலித்துளையைச் சுற்றி வரும் வளையம் அந்த இடத்தில் மேல்பலகை விரிசல் விடாமல் காக்கவும் உதவுகிறது. அதைத் தாண்டி மேல்பலகையில் சிப்பியையும் கனத்த வார்னிஷையும் ஏற்றினால் பலகை அதிராது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தான் அது ஆகும். வீணையிலும் இந்த ஆபத்து வந்திருக்கிறது. வரவேற்பறைக்கென்றே செய்யப்படும் சின்ன வீணைகள் அழகாக இருக்கின்றன, பாடுவதில்லை. நெய்வேலிப் பட்டறை அந்த வழியில் ஒரு கிட்டாரைக்கூடச் செய்யக் கூடாது.

என்ன உருவத்தைப் பதிப்பது? மயிலும் தாமரையும் வந்து வந்து கண்ணுக்குப் பழகிவிட்டன. பலா இலை, முந்திரிப் பூ, செம்மண், அதன் அடியில் களிமண், அதற்கும் அடியில் பழுப்பு நிலக்கரி என்று இந்த ஊருக்கென்று ஓவியங்கள் இருக்கின்றன. சுரங்கத்தில் சுழலும் ராட்சத மண்வெட்டி இயந்திரத்தைச் சிப்பியில் வெட்டி பன்னிரண்டாம் மெட்டில் பதித்தால், கிட்டாரைக் கையில் எடுப்பவர் யாராக இருந்தாலும் எந்த ஊர் என்று கேட்பார். பழுப்பு நிலக்கரியே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காடுதான் என்பதால் மர வாத்தியத்தின்மேல் அதற்கும் இடம் உண்டு.

கிட்டாரும் வீணையும் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கின்றன. 1970களில் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயரமாக நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் ஆழமாக இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கிட்டாரின் தட்டையான விரல்பலகை அதற்கு இடம் தராது. கிப்சன் என்ற கிட்டார் நிறுவனத்தோடு சேர்ந்திருந்த ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காக ஒரு கிட்டார் செய்தார். மெட்டுகளுக்கு இடையே விரல்பலகையைக் குழிவாகச் செதுக்கினார். ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக மற்றத் தந்திகளோடு தாமே ஒத்ததிரும் ஏழு தந்திகளை இழுத்துக் கட்டினார். விக்கு விநாயகராமின் கடத்தோடும் ஜாகிர் உசேனின் தபலாவோடும் எல். சங்கரின் வயலினோடும் சக்தி குழுவின் மேடையில் ஒலித்தது அந்தக் கிட்டார்தான். வாசிப்பவரின் தேவையும் செய்பவரின் கையும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் பிறந்த வாத்தியம் அது. வீணை தந்த யோசனை அமெரிக்கப் பட்டறையில் உருவம் பெற்றது. வீணைக்கு மரம் தரும் ஊரின் பக்கத்திலேயே அப்படி ஒரு மேசை போட ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நாம் முனையவில்லை.

கூட்டு வேலை என்றால் எல்லார் பேரும் இருக்க வேண்டும். இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் எவ்வளவு உழைத்தார் என்பதை அந்த நூல் சொன்ன பிறகுதான் பல ரசிகர்கள் அந்தப் பெயரையே கேட்டார்கள். தோலைத் தொட்டு வேலை செய்தவர்கள் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள் என்பதும் மேடையில் அவர்கள் பேர் ஒலிக்காததும் தனித்தனிச் செய்திகள் அல்ல. கிட்டாரில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒலித்துளை வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே ஒட்டிய சீட்டில் செய்தவர் பெயர் தெரியும். நெய்வேலிக் கிட்டாரின் சீட்டில் மரம் நின்ற ஊர், அறுத்தவர், கட்டியவர், நகாசு செய்தவர், ஆண்டு எல்லாம் இருக்கட்டும். புவிசார் குறியீடு ஊரின் பேரைக் காக்கிறது. அந்தச் சீட்டு ஆட்களின் பேரைக் காக்கும்.

தொழிற்சாலை ஊருக்கு வாத்தியம் செய்ய என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷனில் வயலின் செய்பவர்களின் சங்கமும் இதையேதான் கேட்டது. தச்சர்கள் கிட்டார் செய்யக் கூடாது என்று வழக்காடினார்கள். தச்சர் சங்கத்தில் இருந்த மார்ட்டின் என்பவர் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மேலே சொன்ன மார்ட்டின் நிறுவனம் அவர் தொடங்கியதுதான். நெய்வேலியின் ஃபிட்டரும் டர்னரும் அளவு தவறாத கைக்குப் பழகியவர்கள். கிட்டாரில் அந்தக் கைக்குத்தான் முதல் மரியாதை. தந்தியின் அதிரும் நீளம் 645 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு 36.2 மில்லிமீட்டரில் வர வேண்டும். மிச்ச நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த மெட்டுகளின் இடம் கிடைக்கும். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 322.5இல் விழும். இந்த இடம் பிசகினால் சுருதி கெடும். இந்தக் கணக்கு மேளம் கட்டுபவரின் காதுக்கும் ஃபிட்டரின் கருவிக்கும் பொதுவானது.

உள்ளூர் மரத்துக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. 1969 முதல் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் தோதகத்தியைக் குறைத்து, தன் புகழ்பெற்ற டி-28 கிட்டாருக்கு இந்தியத் தோதகத்தியை எடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் உலகக் கிட்டார்களின் முதுகானது. தமிழ்நாடு 1994இல் அந்த மரத்தைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரி முதல் தோதகத்தி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு கிடைத்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் புகுந்து இந்தியாவிலிருந்து போன பலகைகளைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டு உடன்பாட்டில், மடகாஸ்கர் கருங்காலிக்காக அந்த நிறுவனம் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. வீட்டுத் தோட்டத்தில் வளரும் பலாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அந்தப் பட்டியல்களில் இல்லாத மரம். எந்தக் கொல்லையில் நின்றது என்று விலாசத்தோடு சொல்லி விற்கலாம்.

ஆனால் முதிர்ந்த பலா எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் கடலூர் மாவட்டத்தின் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் சாய்ந்தன. வைரம் பாய்ந்த பலா மீண்டும் வளர ஒரு தலைமுறைக் காலம் வேண்டும். சாய்ந்த மரங்களில் வாத்தியத்துக்கு ஆகும் கட்டை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அன்று ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், அவற்றில் பல இன்று காய்ந்து பதமாகி இருக்கும். சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும்போதும் மரங்களுக்கு மதிப்புப் போட்டு இழப்பீடு தருகிறார்கள். பணம் குடும்பத்துக்குப் போகிறது. தாத்தா நட்ட பலாவின் கட்டை எங்கே போக வேண்டும் என்று யாராவது யோசிக்க வேண்டும். நிலம் இழந்த வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்திலேயே தொழில் கற்றால், அதற்கு இணையான மறுவாழ்வுத் திட்டம் அதிகம் இல்லை.

சீனாவிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டார் வந்து இறங்கும் காலத்தில் இது விலை போகுமா என்பது நியாயமான கேள்வி. அந்த விலையோடு போட்டி போட்டால் போகாது. போட்டி போடவும் தேவையில்லை. ஆண்டுக்குச் சில டஜன் கிட்டார், ஒவ்வொன்றும் வாங்குபவரின் கைக்கும் காதுக்கும் ஏற்ப, பழுது வந்தால் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க ஓர் இடம் என்பதே கைவினைப் பட்டறையின் கணக்கு. அதே பட்டறையில் ஊரிலுள்ள பள்ளிகளின், தேவாலயங்களின், மெல்லிசைக் குழுக்களின் பழைய கிட்டார்களுக்கு மெட்டு மாற்றலாம், உடைந்த கழுத்தை ஒட்டலாம். பழுது பார்க்கும் வேலையே முதல் சில ஆண்டுகளின் சம்பளத்தைச் சுமக்கும்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டப்படி என்.எல்.சி. போன்ற நிறுவனம் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும். அதில் ஒரு துளி போதும். நகரியத்தில் ஒரு கொட்டகை, ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஓர் அறை, ஒரு பட்டை ரம்பம், பலகை வளைக்கும் சூட்டுக் குழாய், அச்சுகள், கைக்கருவிகள். தஞ்சாவூரிலிருந்து நகாசு தெரிந்த ஒருவரும் மேளம் கட்டத் தெரிந்த ஒருவரும், கிட்டார் கட்டத் தெரிந்த ஓர் ஆசிரியரும் உரிய சம்பளத்தோடு வர வேண்டும். பயிற்சி பெறுபவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பட்டறை என்றால் ஆண்கள் இடம் என்று இன்னும் எத்தனை காலத்துக்கு விட்டுவைப்பது?

மரம்தான் முதலில். ஓர் அங்குலக் கனம் காய ஓராண்டு என்பது தச்சர்களின் கணக்கு. பலகையாக அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, காற்றாட அடுக்கி வைக்கும் வேலையை வரும் கோடையிலேயே தொடங்கலாம். அடுத்த முறை சுரங்கத்துக்காக ஒரு பலாத் தோப்பை அளக்க அதிகாரிகள் போகும்போது, மரத்தைத் தட்டிப் பார்த்து நாதம் சொல்லக்கூடிய ஓர் ஆசாரியையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகட்டும்.